கதம்ப வீடும் கடல் ஜன்னலும்: வாசகர் கேள்விகள்

போன இதழில் சென்னைப் பட்டினப்பாக்கத்து ஒன்பதாவது மாடி வீடு ஒன்றைப் பற்றி, கதம்ப வீடு என்று பெயர் வைத்து, நான்கு பக்கம் எழுதியிருந்தேன். படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக: கிழக்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி, கண்ணாடிக்கு வெளியே வங்காள விரிகுடா. உள்ளே செட்டிநாட்டுக் கதவைப் படுக்கப்போட்டுச் செய்த சாப்பாட்டு மேஜை, அதைச் சுற்றி ஒன்றோடொன்று ஒட்டாத ஆறு நாற்காலிகள், ஜரிகை ஒட்டிய ரவி வர்மா லட்சுமி, ஜப்பான் பாணிக் காகித விளக்கு, பவானி ஜமக்காளம், மஞ்சள் ஃபிரிட்ஜ், மாமியார் காலத்து இரும்பு பீரோ. வீட்டுக்கார அம்மா ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை, ஐயா கப்பலில் இன்ஜினீயராக இருந்தவர். பெயர் போடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார்கள், போடவில்லை, இப்போதும் போடப்போவதில்லை.

கடிதங்கள் குவிந்துவிட்டன. "ஆஹா, சூப்பர்" என்று எழுதியவர்களுக்கு நன்றி, அவற்றை இங்கே போடவில்லை. திட்டியவர்களும் சந்தேகம் கேட்டவர்களும் மட்டும் கீழே.

கதம்பம் என்று அழகாகப் பெயர் வைத்துவிட்டீர்கள். படத்தைப் பார்த்தால் எனக்குக் காயலான் கடை ஞாபகம்தான் வந்தது. ஒரு நாற்காலி மாதிரி இன்னொரு நாற்காலி இல்லை. இதற்குப் பேர் அலங்காரமா?
– வாசகர், கும்பகோணம்

உள்ளே நுழைந்த முதல் பத்து நிமிடம் எனக்கும் அப்படித்தான் இருந்தது ஐயா, பொய் சொல்வானேன். படத்தில் அது இன்னும் மோசமாகத் தெரிவதற்கு எங்கள் புகைப்படக்காரரும் ஒரு காரணம். எல்லாவற்றையும் ஒரே சட்டத்துக்குள் அடைக்க வேண்டும் என்று மூலையில் நின்று எடுத்ததில், பத்தடி தள்ளித் தள்ளி இருக்கிற சாமான்களெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருப்பது போல வந்துவிட்டது.

நேரில் போய் உட்கார்ந்தால் வேறு கதை. அந்த வீட்டில் கிழக்குப் பக்கம் ஒன்றுமே கிடையாது. திரைச்சீலை இல்லை, தொட்டிச் செடி இல்லை, சோபாவின் முதுகுகூட ஜன்னல் விளிம்புக்கு மேலே எழும்பாது. அத்தனை சாமானும் மேற்கு, வடக்குச் சுவர்களோடு நிற்கின்றன. கடலைப் பார்த்து உட்கார்ந்தால் முதுகுக்குப் பின்னால் கூட்டம், முகத்துக்கு முன்னால் வெறும் நீலம். பலர் வீட்டில் இது நேர்மாறாக இருக்கும், ஜன்னல் பக்கம்தான் எல்லாவற்றையும் தொங்கவிடுவோம்.

நாற்காலிகளுக்கு வருவோம். ஆறும் ஆறு தினுசு, ஆனால் ஆறுக்கும் உட்காரும் உயரம் ஒன்றேதான், 18 அங்குலம். எல்லாம் ஒரே கரும்பழுப்பு பாலிஷ். அதனால் கண் தானாகவே அவற்றைச் சேர்த்துக்கொள்கிறது. அதில் ஒன்று வளைமர நாற்காலி. 1859-இல் மைக்கேல் தோனெட் செய்ய ஆரம்பித்த மாதிரியைப் பார்த்துச் செய்தது, பம்பாய் இரானி டீக்கடைகளில் இந்த ஜாதி நாற்காலிதான் இருக்கும். கடையை மூடும்போது ஐயா வாங்கி ரயிலில் ஏற்றிக்கொண்டு வந்தாராம். இன்னொன்று, அம்மா முதன்முதலில் வேலை பார்த்த பள்ளியில் ஏலம் விட்ட வாத்தியார் நாற்காலி. அதன் ஒரு காலுக்கு அடியில் எட்டாக மடித்த பஸ் டிக்கெட் ஒன்று இருக்கிறது. ஆசாரியைக் கூப்பிட்டுச் சரி பண்ணக்கூடாதா என்று கேட்டேன். "எதுக்கு? டிக்கெட் போதுமே" என்றார் அம்மா.

ஒன்று ஒப்புக்கொள்கிறேன். சமையலறை வாசலில் பித்தளைச் சொம்புகளும் குத்துவிளக்குகளும் அடுக்கிய அந்த மூலை எனக்கும் பிடிக்கவில்லை. அது மட்டும் நீங்கள் சொல்கிற கடைதான்.

இத்தனை சாமானையும் தினமும் யார் துடைப்பது? நிச்சயமாக அந்த ஐயா துடைக்க மாட்டார்.
– வாசகி, மதுரை

அவர்தான் துடைக்கிறார். கப்பல் பழக்கமாம், காலையில் ஆறு மணிக்குள் துணியும் கையுமாக நிற்கிறார். உங்கள் கடிதத்தை என் வீட்டுக்காரரிடமும் காட்டினேன். அவர் பேப்பரைத் திருப்பி மறுபக்கம் படிக்க ஆரம்பித்துவிட்டார்.

நான் தேவகோட்டைக்காரன். ஒரு வீட்டுக் கதவைப் படுக்கப்போட்டு அதன்மேல் சாம்பார் ஊற்றிச் சாப்பிடுவதை அழகு என்று எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது? எங்கள் தெருவிலேயே மூன்று வீடுகள் கதவு கதவாக, தூண் தூணாகக் கழன்று போயின. அந்தக் கதவுக்கு ஒரு வீடு இருந்தது, அது யாருடையது என்று அந்த அம்மாவைக் கேட்டீர்களா?
– வாசகர், தேவகோட்டை

கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். உங்கள் கடிதம் வந்த பிறகு போன் போட்டு, முழுசாகப் படித்துக் காட்டினேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவில் வாங்கியது என்றார். பழஞ்சாமான் கடைகள் வரிசையாக இருக்கிற அந்தத் தெருவை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சுவரோரமாக ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்து வைத்திருந்ததில் இதைக் கை காட்டினாராம். எந்த ஊர், எந்த வீடு என்று கேட்டதற்குக் கடைக்காரர் "பக்கத்து ஊருதான்" என்றதோடு சரி. நிலைவாசல் கதவு இல்லை, உள்கட்டு அறைக் கதவு. கதவின்மேல் கண்ணாடி போடுவதற்கு முன்னால் இரண்டு வருடம் அப்படியே வைத்துச் சாப்பிட்டிருக்கிறார்கள். தாமரை இதழ்ச் செதுக்கலில் சோற்றுப் பருக்கை மாட்டிக்கொள்ளும், ஈர்க்குச்சியால் நோண்டி எடுக்க வேண்டும். அதற்குப் பயந்துதான் மேலே கண்ணாடி வந்தது. மரியாதைக்காக இல்லை, அதை அம்மாவே சிரித்துக்கொண்டு சொன்னார்.

வீட்டை இடித்தது அவர் இல்லைதான். ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் கோயம்புத்தூரில், கூரை ஓடு மாற்ற யார் பணம் போடுவது என்று பேசிப் பேசியே மழை உள்ளே இறங்கி, கடைசியில் விலைக்குப் போகிற கதை உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் கதவுக்கு நல்ல விலை கிடைக்கிறது என்பதாலேயே இடிப்பது லாபமாகிறது, அந்த விலையைக் கொடுப்பது எங்களைப் போன்ற பட்டணத்து ஆட்கள், அப்படிப்பட்ட வீடுகளைப் படம் பிடித்துப் போடுவது என் போன்றவர்கள். இதில் தப்பிக்க எனக்கு வழி தெரியவில்லை. உங்கள் கோபம் நியாயம்.

இதோடு சேர்த்து இன்னொரு வகைக் கடிதத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். "நம் பாரம்பரியச் சாமானோடு வெளிநாட்டுச் சாமானைக் கலந்து கெடுத்துவிட்டார்கள்" என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் ஒரு தடவை தேவகோட்டைக்கோ கானாடுகாத்தானுக்கோ போய்விட்டு வரட்டும். தூண் பர்மா தேக்கு, தரை இத்தாலி சலவைக்கல், நிலைக்கண்ணாடி பெல்ஜியம், இரும்பு உத்தரம் இங்கிலாந்து, சுவரில் பதித்த பூப்போட்ட ஓடு ஜப்பான். சில வீடுகளின் முகப்பில் கஜலட்சுமிக்குப் பக்கத்திலேயே துப்பாக்கி பிடித்த வெள்ளைக்காரச் சிப்பாய் சுதையில் நிற்பான். ரங்கூனுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் தொழிலுக்குப் போனவர்கள் பிடித்ததையெல்லாம் கப்பலேற்றி, சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசின சுவருக்குள் கொண்டுவந்து வைத்தார்கள். 1942-இல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்ததோடு அந்த வரத்து நின்றுபோனது. ரவி வர்மா லட்சுமியும் அப்படித்தான், திருவிதாங்கூர்க்காரர் வரைந்து, 1894-இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தில் ஜெர்மன் இயந்திரத்தை வைத்து அச்சடித்து, நம் பாட்டிமார் ஜரிகையும் சம்கியும் ஒட்டிச் சட்டம் போட்ட சாமி படம். இதில் எதைப் பிரித்து எதைத் தனியே வைப்பது?

கதவு வேண்டாம், செட்டிநாட்டு அடையாளம் மட்டும் போதும் என்பவர்களுக்கு ஆத்தங்குடிக் கல் இருக்கிறது. அது இன்றைக்கும் செய்கிற வேலை, எந்த வீட்டையும் இடிக்க வேண்டியதில்லை. கண்ணாடித் துண்டின்மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் வண்ணச் சிமென்ட்டைக் கரண்டியால் ஊற்றி, மேலே மணலும் சிமென்ட்டும் போட்டு அழுத்தி, தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு எடுக்கிறார்கள். சூளையே கிடையாது. கல்லுக்கு அந்தப் பளபளப்பு கண்ணாடியின் முகத்திலிருந்து வருவது. நடக்க நடக்க இன்னும் மெருகேறும்.

கடல் பார்த்த வீடு என்று ஏங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. நாங்கள் பிறந்ததிலிருந்து கடற்கரையில்தான் இருக்கிறோம். எங்கள் தெருவில் ஒருத்தரும் கிழக்கு ஜன்னலைத் திறப்பதில்லை. பூட்டுக்கூட ஆறு மாதத்தில் இறுகிப்போகும். அந்த அம்மா உங்களிடம் எதையோ மறைத்திருக்கிறார்.
– வாசகி, நாகப்பட்டினம்

மறைக்கவில்லை, நான்தான் எழுதவில்லை. அழகைப் பற்றி எழுதும்போது துருவைப் பற்றி எழுதக் கை வராது.

காலையில் அந்தக் கண்ணாடியில் விரலை வைத்து இழுத்தேன். வெள்ளையாகக் கோடு விழுந்தது, நாக்கில் வைத்தால் உப்பு. ஈரத்துணியால் துடைத்து, நல்ல தண்ணீரில் அலசிய துணியால் மறுபடி ஒரு தடவை துடைத்தால்தான் கடல் கடலாகத் தெரிகிறது, இல்லையென்றால் பனிமூட்டம். முதலில் போட்ட இரும்பு கிரில்லைக் கழற்றியே எறிந்தாகிவிட்டது. பால்கனிக் கைப்பிடிக்கு எவர்சில்வர் போட்டார்கள், அதிலும் பழுப்புப் புள்ளி விழுந்தது. கடையில் சாதாரணமாகக் கொடுப்பது 304 என்கிற ரகம், கடலோரத்துக்கு 316 ரகம் கேட்டு வாங்க வேண்டும், அதில் மாலிப்டினம் என்கிற உலோகம் சேர்ந்திருப்பதால் உப்பைக் கொஞ்சம் அதிகமாகத் தாங்கும், விலையும் அதிகம். ஜன்னல் சட்டம் இப்போது யுபிவிசி என்கிற கெட்டி பிளாஸ்டிக். ஏ.சி.யின் வெளிப்பெட்டியை இரண்டு தடவை மாற்றியிருக்கிறார்கள். மஞ்சள் ஃபிரிட்ஜ் ஏன் மஞ்சளாக இருக்கிறது என்று நினைக்கிறீர்கள்? ஓரமெல்லாம் துருப்பிடித்ததை ஐயா தேய்த்து, கப்பலில் அடிக்கிற எபாக்சி பெயின்ட்டை அடித்திருக்கிறார். கையிருப்பில் அந்த நிறம்தான் இருந்ததாம். போன இதழில் அதைத் "துணிச்சலான வண்ணத் தேர்வு" என்று எழுதியது நான். சிரித்துக்கொள்ளுங்கள்.

தஞ்சாவூர் ஓவியம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பலகையில் துணி ஒட்டி, சுண்ணப்பொடியும் பசையும் குழைத்து மேடு கட்டி, மேலே தங்க ரேக் ஒட்டிய சமாசாரம் அது, ஈரக்காற்று ஆகாது. வெளிச்சுவரில் மாட்டாதீர்கள். உள்சுவரிலும் நான்கு மூலைக்குப் பின்னால் சின்னச் சின்னத் தக்கை ஒட்டி, காற்றுப் போகிற மாதிரி மாட்டுங்கள்.

ஏழு வருடத்துக்கு முன் "சீ வ்யூ" என்று சொல்லிச் சதுர அடிக்கு அதிகம் வாங்கிக்கொண்டு விற்றார்கள். இப்போது எதிர் மனையில் பில்லர் எழும்புகிறது. மூன்றாவது மாடி வந்தால் எங்களுக்கு மீதி இருப்பது அவர்கள் வீட்டுப் பாத்ரூம் ஜன்னல்தான். கேஸ் போட முடியுமா?
– வாசகர், கிழக்குக் கடற்கரைச் சாலை

இந்த ஒரு கேள்விக்காகவே ஒரு வழக்கறிஞரிடம் உட்கார்ந்து பேசினேன். நல்ல செய்தி குறைவு.

நம் நாட்டில் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் உரிமை உண்டு. 1882-ஆம் ஆண்டு ஈஸ்மென்ட் சட்டம் (அடுத்தவர் இடத்தின்மேல் நமக்குள்ள அனுபவ உரிமைகளைப் பற்றியது), பிரிவு 15: ஒரு கட்டடத்துக்கு வரும் வெளிச்சத்தையும் காற்றையும் 20 வருடம் தடங்கலில்லாமல் அனுபவித்திருந்தால் அந்த உரிமை நிலைத்துவிடும். உங்களுக்கு ஏழு வருடம்தான் ஆகிறது. காட்சிக்கு அதுவும் கிடையாது. எத்தனை வருடம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் கடல் தெரிவது சட்டப்படி உங்கள் சொத்தாகாது. 1610-இல் இங்கிலாந்தில் ஒரு பன்றிக்கொட்டில் வழக்கில், நல்ல காட்சி என்பது மகிழ்ச்சிக்கான விஷயம், அவசியமானது இல்லை, அதற்காக வழக்கு நிற்காது என்று சொல்லிவிட்டார்கள். நானூறு வருடத்துக்கு மேலாகியும் சட்டம் அந்த இடத்தில்தான் நிற்கிறது.

ஆனால் இரண்டு கதவுகளைத் தட்டிப் பார்க்கலாம். விற்றவர் விளம்பரத்திலோ ஒப்பந்தத்திலோ கடல் தெரியும் என்று எழுத்தில் கொடுத்திருக்கிறாரா பாருங்கள். 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, பொய்யான விளம்பரத்தை நம்பி வாங்கி நஷ்டப்பட்டவர் இழப்பீடு கேட்க இடம் தருகிறது. உங்கள் கட்டடம் அந்தச் சட்டத்துக்குள் வருகிறதா, எதிர் மனையும் அதே ஆளுடையதா, அப்போதே விஷயம் தெரிந்திருந்ததா என்பதையெல்லாம் பொறுத்தது. வாயால் சொன்னது செல்லாது. இன்னொன்று, எதிர் மனை சாலைக்குக் கடல் பக்கமாக இருந்தால் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் குறுக்கே வரும். நகரப் பகுதியில் ஏற்கெனவே உள்ள சாலைக்கோ அனுமதி பெற்ற கட்டடங்களுக்கோ நிலப்பக்கமாக, அதாவது கடலுக்கு எதிர்ப்பக்கமாகத்தான் புதிதாகக் கட்டலாம் என்பது பொது விதி. அனுமதி வாங்கியிருக்கிறார்களா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், கேட்கக் காசு அதிகம் ஆகாது.

இனிமேல் வாங்கப் போகிறவர்கள் ஜன்னலில் நின்று கடலைப் பார்ப்பதற்கு முன்னால் கீழே குனிந்து எதிர் மனையைப் பாருங்கள். வேலி போட்ட காலி மனை என்றால் அந்தக் காட்சி வாடகைக்குத்தான்.

படத்தில் ஓரமாக ஒரு இரும்பு பீரோ தெரிகிறது. எங்கள் வீட்டிலும் மாமியார் சீதனமாகக் கொண்டுவந்த பச்சை பீரோ இருக்கிறது. அதைத் தள்ளிவிட்டு சுவரோடு சேர்த்த அலமாரி அடிக்கலாம் என்று ஒரு வருடமாகச் சண்டை. அவர் மனசு நோகாமல் எப்படிச் சொல்வது?
– வாசகி, ஈரோடு

சொல்லாதீர்கள். பீரோவின் கண்ணாடிக் கதவை ஜன்னலைப் பார்த்தமாதிரி திருப்பி வையுங்கள். பட்டினப்பாக்கத்து அம்மாவும் மாமியார் பீரோவோடு இதே சண்டையில் பத்து வருடம் இருந்தவர்தான். கடைசியில் அதைப் படுக்கை அறையின் மேற்குச் சுவரில் வைத்தார், இப்போது அந்த ஆளுயரக் கண்ணாடியில் கடல் தெரிகிறது. கட்டிலில் படுத்தபடியே, ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, துறைமுகத்துக்காகக் காத்து நிற்கிற கப்பல்களை எண்ணலாம். எனக்கு அந்த வீட்டிலேயே ரொம்பப் பிடித்த இடம் அது. அலமாரி அடித்திருந்தால் வந்திருக்குமா? அப்புறம், பச்சையை மாற்றிப் பெயின்ட் அடிக்காதீர்கள், இப்போது அந்தப் பச்சை கிடைப்பதில்லை.

படத்தில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் வேளாங்கண்ணி மாதா, கீழே புத்தர் தலை. இதெல்லாம் காட்சிப் பொருளா, கும்பிடுகிற சாமியா?
– வாசகர், திருச்சி

பிள்ளையாருக்கும் மாதாவுக்கும் தினமும் ஒரே ஊதுவத்திதான். அம்மா வீட்டுப் பக்கம் ஒன்று, ஐயா வீட்டுப் பக்கம் ஒன்று, அதற்கு மேல் நான் கேட்கவில்லை. ஜன்னலுக்கு வடக்கே எட்டிப் பார்த்தால் சாந்தோம் தேவாலயத்தின் வெள்ளைக் கோபுரம் தெரியும், கபாலீசுவரர் கோயில் மணி அதிலிருந்து நடக்கிற தூரம்தான், அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை. புத்தர் தலை பற்றி உங்களோடு ஒத்துப்போகிறேன். உடம்பில்லாத தலையை மேஜைமேல் வைக்கிற இந்த வழக்கம் எனக்கு என்றைக்குமே பிடித்ததில்லை. யாரோ பரிசாகக் கொடுத்ததாம்.

படத்தில் இருக்கிற மாதிரி ஊஞ்சல் எங்கள் ஃபிளாட்டிலும் மாட்ட ஆசை. ஆறாவது மாடி. எலக்ட்ரீஷியன் "ரெண்டு ஹூக் போட்டாப் போதும்" என்கிறார்.
– வாசகி, மேடவாக்கம்

எலக்ட்ரீஷியன் ஃபேன் மாட்டட்டும். ஊஞ்சல் வேறு. பழைய வீடுகளில் உத்தரத்தில் சங்கிலி தொங்கியது, ஃபிளாட்டில் உத்தரம் இல்லை, ஐந்தாறு அங்குலக் கான்கிரீட் தளம்தான், அதற்கு மேலே இன்னொருவர் வீட்டுத் தரை. பலகை, சங்கிலி, இரண்டு பெரியவர்கள் எல்லாம் சேர்ந்து 200 கிலோவை நெருங்கும், அதுவும் சும்மா தொங்குகிற எடை இல்லை, ஆடி இழுக்கிற எடை. தளம் போடும்போதே கம்பியோடு கட்டி விட்ட கொக்கி என்றால் நல்லது. பிறகு துளைத்துப் போடுவதென்றால் கட்டட இன்ஜினீயர் வந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும். சில புதிய அடுக்குமாடிகளில் தளத்துக்குள் இழுத்து இறுக்கிய எஃகு வடங்கள் ஓடும், அங்கே ட்ரில் வைக்கவே கூடாது. படத்தில் பார்த்த ஊஞ்சல் மேலே மாட்டியதே இல்லை. இரண்டு பக்கமும் மரக்கால் நிறுத்தி, தரையில் நிற்பது. மேல்பாதி காகித விளக்குக்குப் பின்னால் மறைந்துவிட்டது.

வாடகை வீட்டில் ஆணி அடிக்க விடமாட்டார்கள். எங்களுக்கு வழியே இல்லையா?
– வாசகர், பெங்களூரு

தரையில் சாய்த்து வையுங்கள். பெரிய படமாக ஒன்று, சின்னதாகப் பத்து வேண்டாம். பத்தமடைப் பாயைக்கூடச் சுவரில் சாய்த்து நிறுத்தலாம், விரிக்கிற வேலையும் நடக்கும்.

எல்லாம் சரி. எங்கள் ஜன்னலைத் திறந்தால் ஒரு டிரான்ஸ்பார்மரும் பக்கத்து வீட்டுச் சுவரும்தான். கடல் தெரிகிற வீட்டில் எதை வைத்தாலும் அழகாகத்தான் இருக்கும். எங்களுக்கு என்ன சொல்கிறீர்கள்?
– வாசகி, அம்பத்தூர்

இந்தக் கேள்வி எனக்கும் சேர்த்துத்தான். என் வீட்டுச் சமையலறை ஜன்னலில் தெரிவது எதிர்வீட்டுக் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி, அதன்மேல் எப்போதும் ஒரு காகம். அந்த வீட்டைப் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கு ராத்திரி எனக்கும் வயிறு எரிந்தது, அதை எழுதாமல் விட்டதும் தப்புதான்.

நீங்கள் சொல்வது பாதி உண்மை. கடல் இல்லாவிட்டால் அந்தச் சாமான்கள் மூச்சு முட்டும், மேற்குச் சுவர் கூட்டத்தைக் கிழக்குச் சுவர்தான் தாங்குகிறது. அதனால் அந்த வீட்டைப் பார்த்து அப்படியே செய்யாதீர்கள். வெளியே வெட்டவெளி இல்லாத வீட்டில் உள்ளேதான் ஒரு சுவரை வெறுமையாக விட வேண்டும். ஒரே ஒரு சுவர், காலண்டர்கூட இல்லாமல், சுண்ணாம்பு வெள்ளையில். மற்ற மூன்றில் உங்கள் கதம்பத்தைக் கட்டிக்கொள்ளுங்கள்.

ஜன்னலை மூடிவிடவும் வேண்டாம். எழுந்து நின்று பாருங்கள், டிரான்ஸ்பார்மர் எந்த உயரம் வரை தெரிகிறது? பெரும்பாலும் ஜன்னலின் கீழ்ப்பாதி அல்லது முக்கால்வாசி. அதுவரைக்கும் கண்ணாடியில் பால்வெள்ளைக் காகிதம் ஒட்டுங்கள், மீட்டர் கணக்கில் கடையில் கிடைக்கும், சோப்புத் தண்ணீர் தெளித்து நீங்களே ஒட்டலாம். மேலே மீதி இருக்கிற ஒரு சாண் வானம் போதும். கட்டிலைத் திருப்பிப்போட்டு, படுத்தால் அந்த ஒரு சாண் தெரிகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். நான் தண்ணீர்த் தொட்டியை இப்படித்தான் மறைத்தேன். காகம் மட்டும் மேலே தெரிகிறது, அதை மறைக்க மனசில்லை.

மொத்தம் என்ன செலவாயிருக்கும்?
– வாசகர், சேலம்

வீட்டு விலையைச் சொல்ல மாட்டேன் என்றுவிட்டார்கள். காகித விளக்கு 600 ரூபாய். பஸ் டிக்கெட் உங்களுக்கே தெரியும்.

ரவி வர்மா லட்சுமி படத்துக்கு எட்டடி தள்ளி, அதே சுவரில், அதே உயரத்தில் வெறும் ஆணி ஒன்று இருக்கிறது. அவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்த வீட்டில் அதை ஏன் பிடுங்கவில்லை? ஜன்னல் சட்டத்திலும் பென்சில் கோடுகள் தெரிகின்றன. நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன்.
– வாசகி, திண்டுக்கல்

எத்தனையோ பேர் பார்த்த படத்தில் நீ ஒருத்திதான் இதைக் கவனித்திருக்கிறாய் கண்ணு. எங்கள் ஆசிரியர் குழுவில் ஒருத்தர்கூடப் பார்க்கவில்லை.

சூரியன் தினமும் ஒரே இடத்தில் உதிக்காது என்று படித்திருப்பாய். சென்னையில் டிசம்பர் கடைசியில் நேர்கிழக்குக்குத் தெற்கே ஏறக்குறைய 24 டிகிரி தள்ளி எழும், ஜூன் கடைசியில் வடக்கே அதே அளவு தள்ளி எழும். அந்த அம்மா கணக்கு டீச்சர். குடிவந்த முதல் வருடம் சோபாவில் ஒரே இடத்தில் உட்கார்ந்து, சூரியன் கடலை விட்டுக் கிளம்புகிற இடத்துக்கு நேராக ஜன்னல் சட்டத்தில் மாதாமாதம் ஒரு பென்சில் கோடு போட்டிருக்கிறார். கோடுகள் நடுவில் தள்ளித் தள்ளியும் இரண்டு ஓரத்திலும் நெருக்கமாகவும் இருக்கும். ஏன் என்று உன் டீச்சரிடம் கேள்.

காலை வெயில் படுத்தமாதிரி உள்ளே வந்து மேற்குச் சுவர்வரை அடிக்கும். மார்கழி, தை மாதங்களில் தென்கிழக்கிலிருந்து வருவதால் அந்தச் சுவரின் வடக்குப் பாதியில் விழும். ஆனி, ஆடியில் தெற்குப் பாதியில். நூறு வருடத்து அச்சுப் படம், வெயில் பட்டால் சாயம் போய்விடும். அதனால் லட்சுமிக்கு இரண்டு ஆணி. நாங்கள் போனது ஜூனில், அப்போது வடக்கு ஆணியில் இருந்தது. புரட்டாசியில் ஐயா ஸ்டூல் போட்டு ஏறி, தெற்கு ஆணிக்கு மாற்றுவாராம், பங்குனியில் திரும்ப இங்கே.